நூறு நிரம்பிய பேட்டரியும் சித்திரை வெயிலும்

வாசகர் கேள்வி – பதில்

பழைய மடிக்கணினி வாங்குவதைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேட்டரியைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவற்றை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு நெடுங்காலமாகக் கணினி பழுது பார்ப்பவன் என்பதால், இவ்வூர் வெயில் பேட்டரியை என்ன செய்யும் என்பதை அன்றாடம் கையில் தொட்டே பார்த்து வருகிறேன்.

கேள்வி: விசைத்தறிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை மடிக்கணினி மேசையை விட்டு நகராது, சார்ஜரையும் கழற்றுவதில்லை. வாங்கிய புதிதில் நான்கு மணி நேரம் நின்ற பேட்டரி, இரண்டு ஆண்டில் ஐம்பது நிமிடத்துக்கு வந்துவிட்டது. "எப்போதும் மாட்டியே வையுங்கள், பேட்டரி தேயாமல் அப்படியே இருக்கும்" என்றார் விற்றவர். "நிரம்பியதும் கழற்றிவிட வேண்டும்" என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. விடுபட்டுப்போன மறுபாதிதான் உங்கள் பேட்டரியைத் தின்றிருக்கிறது.

விற்றவர் சொன்னதில் உள்ள உண்மையை முதலில் பார்ப்போம். பேட்டரி நிரம்பியதும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் கணினி, சார்ஜர் தரும் மின்சாரத்திலேயே ஓடுகிறது. ஆகவே மாட்டியே வைத்தால் மேன்மேலும் ஏறி வெடித்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நிரம்பிய நிலையில் நாள்கணக்கில் நிற்பதே மடிக்கணினியில் இருக்கும் லித்தியம் அயனி வகை பேட்டரியைத் தேய்க்கும் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் முழுதாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை எட்டுகிறது; சில வகைகளில் அதற்குச் சற்று மேலேயும் போகும். அந்த உச்சத்தில், லித்தியத்தின் பெரும்பகுதி செல்லின் ஒரு முனையான கிராஃபைட் பக்கம் போய் அடைந்திருக்க, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் உலோக ஆக்சைடு தன்னை நனைத்துக்கொண்டிருக்கும் மின்பகுளித் திரவத்தை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. கிராஃபைட்டின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் மெல்லிய படலமும் தடித்துக்கொண்டே போய், இனித் திரும்பக் கிடைக்காதபடி லித்தியத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பேட்டரியிலிருந்து நீங்கள் ஒரு நிமிடம்கூட மின்சாரம் எடுக்காவிட்டாலும் இவை நடந்துகொண்டேயிருக்கும். சூடு கூடக்கூட விரைவாக நடக்கும்.

வயிறு முட்டச் சாப்பிட்டவரைச் சித்திரை மாதத்து நண்பகலில் பழைய பேருந்து நிலையத்தின் வெளியே நிறுத்தி வைத்தால் அவர் என்ன பாடுபடுவாரோ, அந்தப் பாட்டைத்தான் உங்கள் பேட்டரி இரண்டு ஆண்டுகளாகப் பட்டு வந்திருக்கிறது. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் இதற்கு ஓர் அட்டவணை உண்டு. 40 விழுக்காடு சார்ஜுடன் 25 டிகிரி செல்சியஸில் ஓராண்டு வைத்திருந்த லித்தியம் அயனி பேட்டரி தன் கொள்ளளவில் 96 விழுக்காட்டைக் காத்துக்கொள்கிறது. முழுதாக நிரப்பி அதே சூட்டில் வைத்ததற்கு 80தான் மிஞ்சுகிறது. சூடு 40 டிகிரியாகும்போது முன்னதற்கு 85, பின்னதற்கு 65. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் காற்றே 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியின் அடிவயிறு அதைவிடச் சூடாக இருக்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், உங்கள் ஐம்பது நிமிடக் கணக்குக்கு விடை கிடைத்துவிடும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, சார்ஜரை மாட்டியே வைத்துக்கொண்டு, பேட்டரி 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி தடுப்பது. இந்த வசதியை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தந்திருக்கின்றன. பெயர்தான் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறார்கள். லெனோவோவில் வாண்டேஜ் என்னும் செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோட்' என்று இருக்கும். மாதிரியைப் பொறுத்து 60 அல்லது 80 விழுக்காட்டோடு அது நின்றுவிடும். ஏசுஸ் கணினியில் 'மைஏசுஸ்' செயலியில் பேட்டரி நலன் என்ற பகுதியைப் பாருங்கள். டெல்லில் 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். எப்போதும் மின் இணைப்பிலேயே வேலை செய்யும் உங்களைப் போன்றவர்களுக்காகவே அதை வைத்திருக்கிறார்கள். எச்.பி. கணினிகள் பலவற்றில் இது பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரைக்குள், ஒளிந்திருக்கிறது. கணினியை இயக்கும்போதே எஃப்10 பொத்தானைத் தட்டி உள்ளே போய், 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்' என்பதைத் தேட வேண்டும். வேலை நாள் ஒன்றில் இதற்காகச் செலவிடும் பத்து நிமிடம், பிறகு ஒரு பேட்டரியின் விலையை மிச்சப்படுத்தும்.

உங்கள் தம்பி சொல்வதைப்போல ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவதும் நல்லதுதான். ஆனால் மனிதரால் நடக்கிற காரியமா அது? கணக்கில் தலையைக் கொடுத்துக்கொண்டிருப்பவர் எண்பதைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. மேற்சொன்ன வசதி இல்லாத பழைய கணினியாக இருந்தால் மட்டும், உணவு வேளையில் கழற்றிவிட்டு, 30, 40க்கு இறங்கியதும் மாட்டுங்கள். தவறிவிட்டால் வருந்தவும் வேண்டாம்.

அம்மாபேட்டை என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தறிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்து வரும் மடிக்கணினிகளின் அடித்தகட்டைக் கழற்றும்போது, விசிறிக்கும் அதை அடுத்துள்ள செம்புத் தகடுகளுக்கும் இடையே பஞ்சுத் தூசி படிந்து, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல் இறுகியிருப்பதைப் பார்க்கிறேன். குறட்டால் பிடித்து இழுத்தால் விரல் நீளத்துக்கு ஒரே துண்டாக வந்துவிடும். காற்றுப் போக வழியில்லாத அந்தக் கணினி தன் சூட்டைப் பக்கத்தில் இருக்கும் பேட்டரியின் மேல்தான் இறக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைச் சுத்தம் செய்து வாங்குங்கள். கணினியின் பின்விளிம்புக்கு அடியில் இரண்டு நூற்கட்டைகளை வைத்து அரை அங்குலம் உயர்த்தினாலே காற்றோட்டம் கூடிவிடும். அம்மாபேட்டையில் நூற்கட்டைக்குப் பஞ்சம் இருக்காது என்று நம்புகிறேன்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இணையவழியில் படிக்கிறேன். பேட்டரியைப் பூச்சியம் வரை தீரவிட்டுத்தான் மறுபடி சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் அது 'பாதியிலேயே பழகிவிடும்' என்று என் மாமா கண்டிப்பாகச் சொல்கிறார். இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மலைக்குளிர் பேட்டரியைக் கெடுக்குமா என்பதையும் விளக்கவும்.
– ஒரு மாணவி, நாகலூர், ஏற்காடு

பதில்: உங்கள் மாமா சொன்னது ஒரு காலத்தில் சரியான அறிவுரை. முன்பு கம்பியில்லாத் தொலைபேசியிலும் கையடக்க வானொலியிலும் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு அப்படியொரு நினைவுக் கோளாறு உண்டு. பாதியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே வந்தால், அந்தப் பாதியையே தன் எல்லை என்று எண்ணிக்கொள்ளும். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியில் அந்தக் கோளாறு ஒரு பொருட்டே இல்லை. பேட்டரி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது.

லித்தியம் அயனிக்கு அடிவரை இறங்குவதும் உச்சிவரை ஏறுவதும் இரண்டுமே சுமைதான். 20 விழுக்காட்டுக்குக் கீழே போவதற்கு முன் சார்ஜரை மாட்டிவிடுவது நல்ல பழக்கம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றினால் 'சுழற்சி' எண்ணிக்கை கூடிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நூறு விழுக்காடு செலவானால்தான் ஒரு சுழற்சி. இன்று 50, நாளை 50 என்று செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்தே ஒன்றாகும். மாமாவின் மனமும் நோகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன்: இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூறு வரை ஏற்றி, பத்துக்குக் கீழே இறங்கும்வரை பயன்படுத்தி, மறுபடி நிரப்புங்கள். அதனால் பேட்டரியின் ஆயுள் கூடாது. திரையில் காட்டும் விழுக்காட்டுக் கணக்கு மட்டும் சீராகும். '30 விழுக்காடு' என்று காட்டிக்கொண்டிருந்த கணினி திடீரென்று அணைந்துபோவது அந்தக் கணக்குப் பிசகினாலும் நிகழலாம்.

மின்வெட்டைப் பற்றி: 80 என்னும் வரம்பு ஒரு விரதம் அன்று. கருமேகம் திரண்டு, மாலை வகுப்புக்குள் மின்சாரம் போகும் என்று தோன்றினால், தயங்காமல் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றியவுடன் செலவழித்துவிடும் நூறு பேட்டரியை அவ்வளவாக வருத்தாது; நூறிலேயே நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் வருத்தும். கோடை மழையில் இடி இறங்கும் நேரத்தில் மட்டும் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள்; அது சார்ஜரையும் கணினியின் மின்பலகையையும் காப்பதற்காக.

குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால்தான் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்து கேடு செய்யும். சேர்வராயன் மலையில் மார்கழிப் பனியிலும் அந்த நிலை வராது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரின் தட்பவெப்பம், பேட்டரி தானே இடம் தேடிக் குடியேறினால் தேர்ந்தெடுக்கும் தட்பவெப்பம். ஒன்றே ஒன்று: சேலத்துக்கு இறங்கி வரும் நாளில், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து, கடைவீதியில் வெயிலில் நிறுத்திய காருக்குள் கணினிப் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் அன்று பிற்பகல் ஏறும் சூடு, மலையில் ஒரு பருவம் முழுவதும் ஏறாத சூடு.

கேள்வி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை எப்போதும் நிரம்பியே வைத்திருக்க வேண்டும் என்று அதைப் பொருத்தியவர் சொன்னார். மடிக்கணினிக்கு மட்டும் எப்படி வேறு நியாயம்?
– ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: இரண்டும் வேறு வேறு சாதி. இன்வெர்ட்டரில் இருப்பது காரீய அமில பேட்டரி. அது தீர்ந்த நிலையில் கிடந்தால் தட்டுகளின் மேல் காரீய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு கரைய மறுக்கும். அதனால் அதை நிரப்பியே வைப்பதும், காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது ஊற்றுவதும் முறை. பொருத்தியவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். அந்த விதியை மேசைமேல் இருக்கும் லித்தியத்துக்குக் கொண்டுவந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம்.

கேள்வி: இரவில் சார்ஜரை மாட்டிவிட்டுத் தூங்கலாமா?
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: கணினி மேசைமேலோ வெறுந்தரையிலோ இருந்து, சார்ஜரும் சரியானதாக இருந்தால், ஆபத்தில்லை. மெத்தை, தலையணை, சோபா ஆகியவற்றின் மேல் வைத்து மாட்டாதீர்கள். இலவம்பஞ்சு மெத்தை அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். வரம்பை 80இல் வைத்திருந்தால் இரவு முழுவதும் மாட்டியிருப்பதும் ஒன்றுதான், ஒரு மணி நேரம் மாட்டியிருப்பதும் ஒன்றுதான்.

கேள்வி: என் மகள் வெளிநாடு போகும்போது தன் மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மாடி அறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது மாதம் கழித்து எடுத்தால் உயிரே இல்லை. சார்ஜர் போட்டாலும் 'மாட்டப்பட்டுள்ளது, சார்ஜ் ஏறவில்லை' என்றே காட்டுகிறது. தெரிந்த பையன் ஒருவன், பேட்டரியைப் பிரித்து நேரடியாக மின்சாரம் கொடுத்து 'எழுப்பித்' தருவதாகச் சொல்கிறான். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: கொடுக்க வேண்டாம், ஐயா. கணினி அணைந்திருந்தாலும் உள்ளிருக்கும் சுற்றுகள் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டேயிருக்கும். செல்லின் மின்னழுத்தம் மிகவும் கீழே போய்விட்டால், உள்ளே மின்சாரத்தைச் சுமக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்குகிறது; பிறகு வலிந்து சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்கிணைப்பை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கக்கூடும். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏற்ற மறுப்பது உங்கள் நன்மைக்காகத்தான். அதைத் தாண்டிப் போவது, காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். கணினியை மாட்டியே ஓரிரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சில பேட்டரிகள் தாமாகவே மெல்ல விழித்துக்கொள்ளும். விழிக்காவிட்டால் புதியது வாங்குவதே வழி.

அடுத்த முறை நெடுநாள் வைப்பதாக இருந்தால், பாதியளவு, அதாவது 50 விழுக்காடு சார்ஜுடன் முழுவதும் அணைத்து, வெயில் இறங்கும் மாடி அறையை விட்டுக் கீழ்த்தளத்துக் குளிர்ந்த அறையில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிவரை ஏற்றுங்கள். மகளிடம் நீங்கள் கடிந்துகொள்ள வேண்டாம். முழுதாக நிரப்பி வைப்பதுதான் அக்கறை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

கேள்வி: 45 வாட் சார்ஜருடன் வந்த கணினிக்கு 65 வாட் சார்ஜரைப் போட்டால் பேட்டரி கெடுமா? அரை விலையில் கிடைக்கும் போலிச் சார்ஜரைப் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லவும்.
– ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: யுஎஸ்பி-சி வகையாக இருந்தால், சார்ஜரும் கணினியும் முதலில் தமக்குள் பேசி மின்னழுத்தத்தை முடிவு செய்துகொள்கின்றன, கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும், 65 வாட் என்பதால் கேடில்லை. உருண்டை முள் கொண்ட பழைய வகையாக இருந்தால், வோல்ட் அளவும் முனையின் பொருத்தமும் அச்சாக ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. போலிச் சார்ஜரில் பணம் மிச்சமாவது அதன் உள்ளிருக்கும் வடிகட்டிகளிலும் பாதுகாப்பு இடைவெளிகளிலும்தான். நம் நாட்டில் இத்தகைய அடாப்டர்களுக்கு பி.ஐ.எஸ். என்னும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம், முத்திரையும் அதன்கீழ்ப் பதிவு எண்ணும் இல்லாத சார்ஜரை நான் என் கடை மேசையில்கூட மாட்டமாட்டேன்.

கேள்வி: என் கணினியின் டச்பேட் சில நாளாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, அழுத்தினால் சொடுக்கு விழவில்லை. பேட்டரி நன்றாகத்தான் நிற்கிறது. இதற்கும் பேட்டரிக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், சேலம்

பதில்: உண்டு, இன்றே கவனியுங்கள். சிதைந்த மின்பகுளியிலிருந்து வரும் வாயு வெளியேற வழியில்லாமல் பேட்டரியின் உறையை ஊத வைத்திருக்கிறது. பல மாதிரிகளில் அது டச்பேடின் நேர் கீழே இருப்பதால் முதலில் அங்கேதான் தெரியும். கணினியை மூடிச் சமமான மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். பனைமரத்துக் கட்டில் போல ஆடினால் அடித்தகடும் வளைந்துவிட்டது என்று பொருள். உடனே சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்து, மேலும் சார்ஜ் ஏற்றாமல், விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோய்ப் பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கொலுசுக்குப் பற்றவைக்கும் நெருப்பு எரியும் பட்டறையில் அந்தச் சோதனை கூடவே கூடாது. எடுத்த பேட்டரியைக் குப்பையில் போடாமல் விற்பனையாளரிடமோ மின்னணுக் கழிவு எடுப்பவரிடமோ ஒப்படையுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல்தான் வைத்திருக்கின்றன.

கேள்வி: பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நாமே பார்க்க முடியுமா? எப்போது மாற்ற வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்தெழுதி (powercfg /batteryreport) என்டர் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் காட்டும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த அளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்று அதனால் தாங்க முடிந்த அளவு. முன்னது 50,000 என்றும் பின்னது 38,000 என்றும் இருந்தால், 76 விழுக்காடு மிஞ்சியிருக்கிறது. மாணவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். கோடை கழிந்து ஆனி மாதத்தில் எழுதும் எண்ணைப் பங்குனியில் எழுதியதோடு ஒப்பிட்டால், வெயில் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

மாற்றும் காலத்தை விழுக்காட்டைக் கொண்டு நான் முடிவு செய்வதில்லை. மின்சாரம் போன பிறகு, செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்து முடிக்கும் நேரம்வரை பேட்டரி நின்றால், வீட்டிலேயே பயன்படுத்துபவருக்கு அது போதும். வெளியே கொண்டுபோய் எழுதுபவருக்குப் பாதி கொள்ளளவு போய்விட்ட பேட்டரி போதாது. புதியது வாங்கும்போது பெட்டியைப் பிரித்து, பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தயாரிப்பு மாதத்தைக் கடையிலேயே படித்துப் பாருங்கள். கடையின் தகரக் கூரைக்கடியில் இரண்டு கோடைகள் கிடந்த 'புதிய' பேட்டரி, பெட்டிக்குள் இருந்தபடியே வயதாகியிருக்கும். அதற்கு முழு விலை கொடுக்காதீர்கள்.